டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது: அலைன்மென்ட்டா, திருப்பி மாட்டுவதா, புது டயரா?

"முன் டயர் ரெண்டும் உள்பக்கம் வழுக்கையாகிவிட்டது. வெளிப்பக்கம் பட்டன் (டயரின் மேடுபள்ளம்) நல்லாத்தான் இருக்கு. டயர் கடையில் மாற்றச் சொல்கிறார்கள், அலைன்மென்ட் கடையில் அலைன்மென்ட் போதும் என்கிறார்கள், மெக்கானிக் 'ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டுங்க, பார்த்துக்கலாம்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்தும் வாசகர்களிடமிருந்தும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு நிலைமைக்குச் சரிதான். உங்கள் காரின் நிலைமை எது என்று பார்க்காமல் சொல்வதுதான் சிக்கல்.

இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். முன் டயர் உள்பக்கம் தேய்கிறது என்று ஆறு மாதத்தில் இரண்டு தடவை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்தேன். இரண்டு தடவையும் கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை. அப்புறம் ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரும் வழியில், கொடைரோடு பக்கத்தில் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்ட கடைக்காரர், "அண்ணே, பஞ்சர் கிடக்கட்டும், இந்த உள்பக்கத்தைப் பாருங்க" என்றார். விரலால் தடவினேன், கம்பி குத்தியது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயரில்தான் வந்திருக்கிறேன்.

காரணம், கிழிந்துபோன லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கையில் உள்ள ரப்பர். கார் அலைன்மென்ட் மேடையில் அசையாமல் நிற்கும்போது சக்கரம் சரியான இடத்தில் இருக்கும். ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் புஷ் தாங்காமல் ஆர்ம் பின்னால் நகரும், சக்கரத்தின் கோணம் மாறும். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, நின்ற காரை அளந்தது, அவ்வளவுதான். புஷ் மாற்ற ஆன செலவு ஒரு டயர் விலையைவிடக் குறைவு. அதைக் கவனிக்காததால் இரண்டு டயர் போயிற்று.

அதனால் எந்த வழி என்று பார்ப்பதற்கு முன், எதை வைத்து முடிவெடுப்பது என்று பார்ப்போம்.

## முடிவெடுக்க என்னென்ன பார்க்க வேண்டும்

எங்கே தேய்ந்திருக்கிறது. பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் கோணத்தில் கோளாறு: டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது). டயரின் குறுக்கே கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போல் சுரசுரப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் டோதான். சுற்றிலும் அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) போயிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் எப்போதோ சடன் பிரேக் போட்டுச் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது.

உள் ஓரம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பின் டயர்களுக்குக் குனிந்து கையை விட்டுத் தடவத்தான் வேண்டும்.

மிக மோசமான இடத்தில் எத்தனை மில்லிமீட்டர். டயர் பள்ளத்தின் ஆழம் அளக்கும் சின்ன கேஜ் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது டயரில் ஏழிலிருந்து எட்டு மி.மீ. இருக்கும். நம் நாட்டில் காருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கின்றனவே, பட்டன் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். என் கணக்கில் 3 தான் எல்லை. மூன்று அளவுகளின் சராசரியைப் பார்க்காதீர்கள், குறைந்த அளவைப் பாருங்கள்.

டயரின் வயது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருடம் வெயிலில் நின்ற டயருக்குப் பணம் செலவழித்து வைத்தியம் பார்க்க மாட்டேன்.

கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது. இன்று கையிலிருந்து போகும் பணத்தை மட்டும் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். இதற்கு ஒரு கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

எங்கே, எப்போது ஓட்டப் போகிறீர்கள். ஊருக்குள் நாற்பதில் ஓடும் காரும், ஐப்பசி மழையில் நான்கு வழிச் சாலையில் ஓடும் காரும் ஒன்றல்ல.

கீழே சொல்லும் விலைகள் சிறிய, நடுத்தரக் கார்களுக்கு எங்கள் பக்கம் சுமாராக ஆகும் தொகை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

## வழி 1: காற்றைச் சரிசெய்து, டயர்களை இடம் மாற்றுவது

நடு தேய்வுக்கும் இரண்டு ஓரத் தேய்வுக்கும் இதுதான் மருந்து. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 பிஎஸ்ஐ-யை ஒட்டித்தான் சொல்லியிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான அளவு. எல்லாக் காருக்கும் 35 அடித்துவிடும் இடங்கள் உண்டு. எவ்வளவு வேண்டும் என்று நாமே சொல்லி அடிப்பது நல்லது.

முன்சக்கர இழுவைக் காரில் இடம் மாற்றும் வழக்கமான முறை: முன் டயர்கள் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் குறுக்கே மாறி முன்னால் வரும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் நாலும் ஒன்றாகத் தேயும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்துக்குள்தான் முன்பின் மாற்ற வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு பெரியது. உள் ஓரம் மட்டும் தேய்ந்த டயரைப் பின்னால் தள்ளிவிட்டு, நல்ல டயரை முன்னால் கொண்டுவந்தால் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். முன்னால் இருக்கும் கோணக் கோளாறு அப்படியேதான் இருக்கிறது. அது இப்போது நல்ல டயர் இரண்டையும் தின்ன ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் நாலும் கெட்டுப்போய், ரெண்டு டயரோடு முடிய வேண்டியது நாலு டயர் செலவாகிவிடும். இடம் மாற்றுவது நல்ல பழக்கம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு செய்ய வேண்டிய பழக்கம்.

## வழி 2: அலைன்மென்ட், பேலன்சிங்

ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து கால் டிகிரி விலகினால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. கால் டிகிரி கண்ணுக்குத் தெரியாது. டயருக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கணக்கு. 18,000 கிலோமீட்டர் ஓடிய டயரில் ஆரம்பத்தில் 7.5 மி.மீ. இருந்தது. இன்று வெளி ஓரத்தில் 5.5, உள் ஓரத்தில் 3. அதாவது வெளி ஓரம் 9,000 கிலோமீட்டருக்கு ஒரு மி.மீ. தேய்கிறது, உள் ஓரம் 4,000 கிலோமீட்டருக்கே ஒரு மி.மீ. போகிறது. சட்ட எல்லையான 1.6-க்கு உள் ஓரத்தில் இன்னும் 1.4 மி.மீ. தான் மிச்சம். ஒன்றும் செய்யாமல் விட்டால் 5,600 கிலோமீட்டரில் முடிந்துவிடும். கோணத்தைச் சரிசெய்து உள் ஓரமும் வெளி ஓரம்போலத் தேய ஆரம்பித்தால் 12,600 கிலோமீட்டர் வரும். கூடுதலாக 7,000 கிலோமீட்டர். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கும் ஒரு ஜோடி டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 25 பைசா. 7,000 கிலோமீட்டருக்கு 1,750 ரூபாய் மிச்சம். அலைன்மென்ட்டுக்கு ஆவது ஐந்நூறு, அறுநூறு.

மழைக்கான 3 மி.மீ. எல்லையை இந்த டயர் இப்போதே தொட்டுவிட்டது என்பதையும் கவனியுங்கள். கணக்குப்படி லாபம்தான், ஆனால் கார்த்திகையில் ராத்திரிப் பயணம் போகிற கார் என்றால் அந்த 7,000 கிலோமீட்டரை நான் கேட்க மாட்டேன்.

அலைன்மென்ட்டில் மறைந்திருக்கும் விஷயங்கள் மூன்று. ஒன்று, பல சிறிய கார்களில் முன்னால் டோ மட்டும்தான் எளிதாகத் திருத்த முடியும். கேம்பருக்குக் கம்பெனியே திருகு எதுவும் வைத்திருக்காது, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போல்ட் துளையில் இருக்கும் சின்ன இடைவெளியை வைத்தோ தனியாகக் கேம்பர் போல்ட் போட்டோதான் கொஞ்சம் நகர்த்த முடியும். இரண்டு, டார்ஷன் பீம் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு) வைத்த பின்பக்கத்தில் வழக்கமான அலைன்மென்ட்டில் திருத்த ஒன்றுமே இல்லை. பள்ளத்தில் இறங்கி பீம் வளைந்திருந்தால் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும், கடைக்காரர் "பின்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். மூன்று, வேலைக்கு முந்திய அளவும் பிந்திய அளவும் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். முந்திய அளவே சரியாக இருந்தது என்றால் உங்கள் டயர் வேறு காரணத்தால் தேய்கிறது. நான் அந்தத் தாளை முதல் தடவையே உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

பேலன்சிங் ஒரு பக்கத் தேய்வைச் சரிசெய்யாது. எண்பதைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் அதற்காகச் செய்யுங்கள்.

## வழி 3: சஸ்பென்ஷன் வேலையை முடித்துவிட்டு அலைன்மென்ட்

ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய கார் என்றால் முதலில் இங்கேதான் சந்தேகப்படுவேன். சோதனை எளிது. ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொட என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். புஷ் கிழிந்திருப்பது இந்தச் சோதனையில் சில சமயம் தெரியாது. கம்பியால் நெம்பிப் பார்க்கும் பொறுமை உள்ள மெக்கானிக் வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்து கார் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து உள் ஓரம் தேயும். இதை அலைன்மென்ட்டில் எவ்வளவு தேடினாலும் தீர்வு கிடைக்காது.

புஷ் மட்டும் என்றால் ஓரிரு ஆயிரம், லோயர் ஆர்ம் ஜோடியாக மாற்றினால் நாலிலிருந்து ஆறாயிரம், முன் ஸ்ட்ரட் ஜோடி அதற்கும் மேல். இந்த வேலைகளில் எது செய்தாலும் கோணம் மாறும், அதனால் வழி 2-இன் செலவும் கூடவே வரும். இவ்வளவும் செய்தபின்னும் தேய்ந்த டயர் தேய்ந்ததுதான். ஆனாலும் காரை இன்னும் மூன்று நான்கு வருடம் வைத்திருப்பேன் என்பவர்களுக்கு இதைவிட லாபமான செலவு இந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து வாங்கப் போகும் டயர்களையும் சேர்த்துக் காப்பாற்றுவது இது ஒன்றுதான்.

குழிகுழியாகத் தேய்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷாக் அப்சார்பர் மாற்றிய பின்னும் அந்த டயர் உறுமிக்கொண்டே இருக்கும். பேரிங் போய்விட்டது என்று பயந்து பேரிங்கை மாற்றிவிடாதீர்கள். முன் டயரைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தமும் பின்னால் போனால் டயர்தான்.

## வழி 4: டயரை ரிம்மில் திருப்பி மாட்டுவது

ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மாட்டுவது. தேயாத ஓரம் இப்போது உள்ளே போய்விடும். ஒரு டயருக்கு நூறு, நூற்றைம்பதோடு பேலன்சிங் செலவு.

எல்லா டயருக்கும் இது ஆகாது. பக்கச் சுவரில் 'அவுட்சைட்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியேதான் இருக்க வேண்டும், திருப்பவே கூடாது. அம்புக்குறி போட்ட டயரைத் திருப்பினால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால்தான் சுழலும் திசை சரியாக வரும். இரண்டு அடையாளமும் இல்லாத சாதாரண டயருக்குத் தடை எதுவும் இல்லை.

காரணத்தைச் சரிசெய்துவிட்டீர்கள், டயர் மூன்று வருடத்துக்குள், மோசமான ஓரத்தில் 3 மி.மீ.க்கு மேல் இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் இது நல்ல சிக்கனம். காரணம் தெரியாமல் திருப்பினால் இரண்டு ஓரமும் போய் நடு மட்டும் நிற்கும்.

## வழி 5: ரெண்டு புது டயர்

14 அங்குல ரிம்முக்கு ஒரு டயர் ஐயாயிரத்தை ஒட்டி வரும். வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தால் ஜோடிக்குப் பதினோராயிரத்துக்கு மேல். பழைய டயருக்குச் சில நூறு கழிப்பார்கள்.

பெரும்பாலான கடைகளில் கேட்காமலே புது டயரை முன்னால் மாட்டிவிடுவார்கள். இழுப்பது முன் சக்கரம், திருப்புவது முன் சக்கரம், அதனால் நல்ல டயர் முன்னால் என்பது அவர்கள் நியாயம். டயர் கம்பெனிகள் நேர்மாறாகச் சொல்கின்றன: புதுசு பின்னால். ஈரச் சாலையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் நேராக வழுக்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின் டயர் பிடிப்பை இழந்தால் கார் சுற்றிக்கொள்ளும். அதைச் சமாளிக்கும் பழக்கம் நம்மில் அனேகம் பேருக்குக் கிடையாது. இதற்காகக் கடையில் வாக்குவாதம் செய்ய நேர்ந்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள். பின்னால் இருக்கும் நல்ல பழைய ஜோடி முன்னால் வரட்டும், புதுசு பின்னால் போகட்டும்.

மற்ற இரண்டு டயரும் நாலு மி.மீ.க்கு மேல் இருந்து, வயதும் குறைவு என்றால் இந்த வழி. ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே மாடல் இருக்கட்டும். ஒற்றை டயர் மட்டும் வாங்கி ஒரு பக்கம் போடுவதை ஒப்பிடும் அளவுக்குக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

## வழி 6: நாலு புது டயர்

நாலும் 3 மி.மீ.யை நெருங்கிவிட்டால், அல்லது பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால், அல்லது வயதாகிவிட்டால். வேறு யோசனை வேண்டாம். இருபதாயிரத்துக்கு மேல் ஆகும். கோளாறைச் சரிசெய்யாமல் நாலு டயர் போட்டால் அடுத்த வருடம் முன் இரண்டும் இதே கதைதான். டயருக்கு வாரண்டி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது தயாரிப்புக் குறைக்குத்தான். அலைன்மென்ட் கோளாறில் தேய்ந்ததற்குக் கிடைக்காது.

இன்னொரு 'வழி'யும் சந்தையில் இருக்கிறது: பழைய டயர், அதிலும் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டிப் புதுசுபோல் கறுப்பு பூசியது. கார் டயரில் அப்படி வெட்டுவதற்கு உள்ளே ரப்பர் கனம் கிடையாது, கம்பிக்கு மேல் இருக்கிற பாதுகாப்பைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். மலிவாக வந்தாலும் வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| வழி | சுமார் செலவு | மோசமான ஓரத்தில் மிச்சம் | எப்போது சரி | எங்கே கையைக் கடிக்கும் |
|---|---|---|---|---|
| காற்று, இடமாற்றம் | மிகக் குறைவு | 4 மி.மீ.க்கு மேல் | நடு அல்லது இரு ஓரத் தேய்வு | கோணக் கோளாறு நாலு டயரையும் தின்னும் |
| அலைன்மென்ட் | ரூ. 500–1,000 | 3 மி.மீ.க்கு மேல் | ஒரு ஓரம், ரம்பத் தேய்வு; பாகங்கள் உறுதி | ஆட்டம் உள்ள காரில் வீண் |
| சஸ்பென்ஷன் + அலைன்மென்ட் | ரூ. 2,000–10,000 | எதுவானாலும் | பழைய கார், திரும்பத் திரும்ப அதே தேய்வு | டயர் செலவு தனி |
| திருப்பி மாட்டுவது | சில நூறு | 3 மி.மீ.க்கு மேல் | காரணம் தீர்ந்த பின், இளம் டயர் | அவுட்சைட் டயரில் கூடாது |
| ரெண்டு புதுசு | ரூ. 11,000-க்கு மேல் | 3 மி.மீ.க்குக் கீழே | மற்ற ரெண்டும் நன்றாக இருந்தால் | முன்னால் மாட்டிவிடுவார்கள் |
| நாலு புதுசு | ரூ. 20,000-க்கு மேல் | நாலும் குறைவு | வயது, வெடிப்பு | கோளாறு தொடர்ந்தால் எல்லாம் வீண் |

## கேட்டவருக்கு

முன்னால் உள் ஓரம் வழுக்கை, பின்னால் நல்ல டயர், கார் 60,000 கிலோமீட்டர் ஓடியது என்றால் நான் செய்வது இந்த வரிசையில். இன்றைக்கே ஸ்டீயரிங்கை ஒடித்து உள் ஓரத்தைப் பார்ப்பேன். கம்பியோ நூலோ தெரிந்தால் அந்தச் சக்கரத்தில் ஸ்டெப்னியைப் போட்டு, மெதுவாக ஓட்டிக் கடைக்கு மட்டும்தான் போவேன். மெக்கானிக் சொன்னது அந்த ஒரு பயணத்துக்குச் சரி. அப்புறம் லோயர் ஆர்ம், டை ராடு, ஸ்ட்ரட் பார்த்து ஆட்டம் உள்ளதை மாற்றுவேன். ரெண்டு புது டயரை வாங்கிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்து, கடைசியாக அலைன்மென்ட். மொத்தமாகக் கையில் பணம் இல்லை என்றால் தள்ளிப்போட வேண்டியது பயணத்தை. பாக வேலையைத் தள்ளிவைத்துவிட்டு டயரை மட்டும் மாற்றக் கூடாது.

மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன் டயர் இரண்டையும் மூன்று இடத்தில் அளந்து, முதலில் குறித்த எண்களோடு வைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே அளவு குறைந்திருந்தால் வேலை முடிந்தது. உள் ஓரம் இன்னும் வேகமாகப் போகிறது என்றால், அலைன்மென்ட் கடையில் வாங்கிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் திரும்பப் போங்கள்.